கரண்டியில் நிற்கும் கூழ்

குழந்தைக்கு ஆறு மாதம் முடியப் போகிறது என்றவுடன் வீட்டில் எல்லோரும் கேட்பது, முதலில் என்ன கொடுக்கப் போகிறாய் என்பதுதான். ராகியா, அரிசிக் கஞ்சியா, ஆப்பிளா, பாசிப்பருப்புத் தண்ணீரா என்று ஆளுக்கொரு யோசனை வரும். என் மகள் இப்போது எங்களோடு உட்கார்ந்து தட்டில் சாப்பிடுகிறாள். அவளுக்கு இணை உணவு பழக்கிய மாதங்களில் நான் கற்றவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது உணவின் பெயரைப் பற்றியது அல்ல, அதன் கெட்டியைப் பற்றியது. எங்கள் ஊர்ப் பக்கம் குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் தண்ணீராகக் கரைத்தே கொடுக்கிறார்கள். அன்பினாலும் பயத்தினாலும் செய்கிற இந்தக் காரியம் குழந்தையின் வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டபோது, இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

எப்போது தொடங்குவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம், அதாவது 180 நாள் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு இணை உணவோடு குறைந்தது இரண்டு வயது வரை தாய்ப்பால் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கழுத்து நன்றாக நின்று, பிடித்துக்கொண்டால் உட்கார முடிந்து, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்து, நாம் சாப்பிடும்போது கையை எட்டி நீட்டுகிற பருவமும் ஏறக்குறைய அதுதான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் சோறூட்ட வேண்டும் என்றார்கள். ஐந்தாம் மாதம் என்றால் குழந்தையின் உடல் அதற்குத் தயாராகியிருக்காது. ஆனால் ஆறு மாதம் முடிந்தால் நடப்பது ஏழாம் மாதம் என்பதால், குலதெய்வக் கோயிலில் சோறூட்டியதும் மருத்துவர் சொன்ன காலமும் தானாகவே ஒத்துப்போயின. மரபும் மருத்துவமும் மோதுவதாகத் தோன்றும் இடங்களில் இப்படி ஒரு வழி கிடைக்குமா என்று பார்ப்பது வீட்டின் நிம்மதிக்கு நல்லது.

இனி கெட்டிக்கு வருகிறேன். ஈரோட்டில் என் அம்மா வீட்டில்தான் தொடங்கினோம். முதல் வாரத்திலேயே அம்மா, "தண்ணியாட்டமாக் கரைச்சுக் குடு கண்ணு, கெட்டியாக் குடுத்தாப் பிள்ளைக்கு நெஞ்சுல நிக்கும்" என்றார். அந்தப் பயத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, பாலாடையிலோ சங்கிலோ புகட்டிய காலத்தில் கெட்டியான கூழ் உண்மையிலேயே ஆபத்தானதுதான். அப்படிப் புகட்டினால் தண்ணீரான கஞ்சியும் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடியது. ஆகவே மாற்ற வேண்டியது குழந்தை படுத்திருக்கும் நிலையை. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, கரண்டி வருவதைக் கண்ணால் பார்த்து, தானே வாயைத் திறந்து வாங்கும்போது, மசித்த உணவை அது நாக்கால் பின்னால் தள்ளி விழுங்கக் கற்றுக்கொள்கிறது.

தண்ணீரான கஞ்சியில் என்ன குறை என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் மனம் ஏற்கிறது. ஒரு மேசைக்கரண்டி ராகி மாவில் ஏறக்குறைய 30 கலோரி இருக்கும். அதை 200 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால், 100 மில்லி கஞ்சியில் கிடைப்பது 15 கலோரி. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 65 கலோரி உண்டு. குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது, எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்ற கணக்கில், ஏழு கிலோ குழந்தைக்கு 200 மில்லி சொச்சம்தான். அந்தச் சிறிய இடத்தை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால், குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடுகிறது, பால் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது, எடை மட்டும் ஏறாமல் நின்றுவிடுகிறது. கொடுத்த உணவு தாய்ப்பாலுக்குத் துணையாக இல்லாமல் அதன் இடத்தைப் பறித்துக்கொண்டதுதான் இதில் நடப்பது. தாய்ப்பால் போக, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினோரு மாதத்தில் சுமார் 300 கலோரியும், ஒரு வயதுக்கு மேல் சுமார் 550 கலோரியும் உணவிலிருந்து வர வேண்டும் என்கிறபோது, நீர்த்த கஞ்சியால் அதை எட்டவே முடியாது.

கெட்டிக்கு நான் வைத்துக்கொண்ட சோதனை மிக எளியது. கூழைக் கரண்டியில் எடுத்துச் சற்றுச் சாய்க்க வேண்டும். ஒழுகி ஓடினால் இன்னும் கெட்டியாக வேண்டும். கரண்டியில் நின்று, மெதுவாகச் சரிந்து, சொத்தென்று விழுந்தால் பதம் சரி. முதல் சில நாட்கள் சற்று இளக்கமாக, இரண்டு மூன்று தேக்கரண்டி அளவில் தொடங்கி, குழந்தை விழுங்கப் பழகியவுடன் இந்தப் பதத்துக்கு வந்துவிடலாம். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி நெய்யோ செக்கு எண்ணெயோ சேர்த்தால் அளவு கூடாமலேயே இன்னும் 45 கலோரி சேரும். கூழும் வழவழப்பாக இறங்கும்.

இதில் நம் பெரியவர்களின் அறிவு மிக உயர்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது ராகியை முளைகட்டுவது. ராகியில் 100 கிராமுக்கு 340 முதல் 360 மில்லிகிராம் வரை கால்சியம் இருப்பது பலரும் அறிந்ததே. முளைகட்டினால் சத்து கூடும் என்று சொல்வதும் வழக்கம்தான். ஆனால் முளைகட்டுவதால் கூழின் பதம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் நான் அடுப்பில் நேராகப் பார்த்தேன். முளைகட்டாத மாவையும் முளைகட்டிய மாவையும் ஒரே அளவு தண்ணீரில் ஒரே அளவு போட்டுத் தனித்தனிப் பாத்திரங்களில் காய்ச்சினால், முதலாவது களியாக இறுகும்போது இரண்டாவது கூழாகவே நிற்கும். தானியம் முளைவிடும்போது அதில் அமைலேஸ் என்னும் நொதி உண்டாகி, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடுவதே காரணம். அதனால் அதே பதத்தில் இரு மடங்கு மாவைக்கூடச் சேர்க்க முடிகிறது. முளைகட்டிய ராகியை நிழலிலோ இளவெயிலிலோ காயவைத்து, இலேசாகச் சூடு காட்டினால் போதும். கருக வறுத்தால் நொதி அழிந்து இந்தப் பயன் போய்விடும். சாதாரணக் கூழ் இறுகிப்போனால், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றே ஆறவிட்டு, முளைகட்டிய மாவை அரைத் தேக்கரண்டி தூவிக் கலக்கினால், சில நிமிடங்களில் தண்ணீர் ஊற்றாமலேயே இளகிவிடும். பிறகு ஒரு கொதி வரவிட்டு இறக்குவது கிருமிகளுக்கான பாதுகாப்பு.

ராகியை ஊறவைத்து அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து பால் மட்டும் எடுத்துக் காய்ச்சும் வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. தொடக்க நாட்களுக்கு அது மென்மையாக இருக்கிறது. ஆனால் துணியில் தங்கும் சக்கையோடு தாதுச் சத்துகளில் ஒரு பங்கும் போய்விடுகிறது என்பதால், நான் அதைச் சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டு முழு மாவுக்கு மாறினேன்.

அடுத்தது இரும்புச்சத்து. இதைப் பற்றி வீடுகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். குழந்தை பிறக்கும்போது தாயிடமிருந்து எடுத்துவந்த இரும்பின் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் கரைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் லிட்டருக்கு 0.3 முதல் 0.4 மில்லிகிராம் இரும்புதான் உண்டு. அது நன்றாக உட்கிரகிக்கப்பட்டாலும் அளவு போதாது. மூளை மிக வேகமாக வளரும் காலத்தில் இந்தக் குறை நேர்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. மூன்றில் இரண்டு குழந்தைகள் என்கிற அளவில் இது ஏழை வீட்டுக் குறையாக மட்டும் இருக்க முடியாது. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் இது வரலாம் என்பதால், கன்னத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

அசைவம் உண்ணும் வீடு எங்களுடையது. ஆகவே ஏழாம் மாதம் நடக்கும்போதே நாட்டுக்கோழி முட்டையை நன்றாக வேகவைத்து, மஞ்சள் கரு வெள்ளைக் கரு இரண்டையும் மசித்துக் கொடுத்தோம். வெள்ளைக் கருவை ஒரு வயது வரை தள்ளிப்போட வேண்டும் என்பது பழைய அறிவுரை. அப்படித் தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. ஆட்டு ஈரலை வேகவைத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தூளாக உதிரும். அதை வாரத்துக்கு ஒரு நாள், ஒரு தேக்கரண்டி அளவில் பருப்புச் சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால் அதற்குமேல் கூட்டவில்லை. எங்கள் அம்மாயி காலத்தில் பிள்ளைப் பெற்றவர்களுக்கும் சோகை பிடித்த பிள்ளைகளுக்கும் ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியை வாங்கிச் சுட்டுக் கொடுப்பார்கள். காரணம் தெரிந்தோ தெரியாமலோ அது மிகச் சரியான பழக்கம். குழந்தைக்கு என்றால் அதை முழுவதுமாக வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சைவ வீடுகளில் இன்னும் கவனம் தேவை. அரிசி மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்ற அளவுக்குக் குறையாமல் பருப்பு சேர வேண்டும். நம் வீடுகளில் பருப்பை வடித்த தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பருப்பைச் சாம்பாரில் போட்டு நாம் சாப்பிட்டுவிடுகிறோம். சத்து நம் தட்டுக்கு வந்துவிடுகிறது. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. உடன் வைட்டமின் சி இருந்தால் பல மடங்கு நன்றாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பருப்புச் சோற்றில் சில சொட்டு எலுமிச்சைச் சாறோ வேகவைத்த தக்காளியோ சேர்ப்பதும், கொய்யாப்பழத்தை விதை நீக்கி மசித்துக் கொடுப்பதும் ருசிக்காக மட்டும் செய்யும் காரியங்கள் அல்ல. இவற்றோடு அரசு கொடுக்கும் இரும்புச்சத்துத் திரவம் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 1 மில்லி. அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கும். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ கேட்டால் இலவசமாகக் கிடைக்கும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பல தாய்மார்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் நிறமே தவிர நோய் அல்ல. எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே இரும்பு தேவைப்படும் என்பதால், அவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவதே முறை.

பசும்பாலைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுத்தால், அதில் இரும்பு மிகக் குறைவு என்பதோடு, சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தக் கசிவையும் அது உண்டாக்குகிறது. தயிராகச் சோற்றில் பிசைந்து சிறிது கொடுப்பதில் தடையில்லை. கூழில் கருப்பட்டி சேர்த்தால் இரும்பு கிடைக்குமே என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஒரு வேளைக் கூழில் சேரும் கருப்பட்டியிலிருந்து கிடைக்கும் இரும்பு சொற்பம்; இனிப்பின் பழக்கமோ நெடுநாள் நிற்கும். ஆகவே ஒரு வயது வரை சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதையும் தனியாகச் சேர்க்கவில்லை. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே கலந்திருப்பதால் அதை அப்படியே காய்ச்சினேன். தேன் மட்டும் ஒரு வயது வரை ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது தேன் தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

வேர்க்கடலையைப் பற்றிய எண்ணம் முழுவதுமாகவே மாறிவிட்டது. 2015-இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கே வேர்க்கடலையை ஒரு வயதுக்குள் தொடங்கித் தொடர்ந்து கொடுத்தபோது, தவிர்த்தவர்களைவிடச் சுமார் ஐந்தில் நான்கு பங்கு ஒவ்வாமை குறைந்தது. நான் வறுத்து நைசாகப் பொடித்துக் கூழில் கலந்து, முதல் முறை காலை வேளையில், மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தேன். பகலில் கொடுத்தால் தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று கவனிக்க முடியும். கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

எட்டாம் மாதத்தில் மிக்ஸியை நிறுத்தியதை நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். அரைத்ததையே தொடர்ந்து கொடுத்தால் குழந்தை மென்று பார்க்கும் வாய்ப்பே பெறுவதில்லை. ஒன்பது மாதத்துக்குள் சிறு கட்டிகளோடு கூடிய உணவு பழகாத குழந்தைகள் பின்னாளில் உண்ண மிகவும் சிரமப்படுத்துகிறார்கள் என்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். கையால் பிசைந்த சோறு, முள்கரண்டியால் நசுக்கிய பரங்கிக்காய், விரல் நீளத்துக்கு வெட்டி வேகவைத்த கேரட், இட்லித் துண்டு என்று மாறினோம். பல் வரவில்லையே என்று என் அத்தை கவலைப்பட்டார். அவர் விரலைக் கழுவி ஈறில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அந்த ஈறின் அழுத்தத்தை உணர்ந்த பிறகு இட்லியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

இந்தக் கட்டத்தில் குழந்தைக்கு அவ்வப்போது குமட்டும். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, சத்தத்தோடு இருமி உணவை முன்னால் தள்ளினால் அது உடலின் பாதுகாப்பு வேலை. அருகில் அமைதியாக இருந்தால் போதும். புரையேறி மூச்சடைத்தால் சத்தமே வராது, அழவும் முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவே ஒரு கையின் உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து அழுத்தம் என்று மாறி மாறிச் செய்ய வேண்டும்; உடனிருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, முறுக்கு, கடலை மிட்டாய் ஆகியவை குழந்தையின் கைக்கு எட்டாமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மூத்த பிள்ளைகள் அன்பாக ஊட்டிவிடும் வீடுகளில் அவர்களிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய பிறகு எழுந்த சிக்கல் வேறு வகை. 2017 திருத்தச் சட்டப்படி எனக்குக் கிடைத்த பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்பே செலவாகிவிட்டதால், உணவு தொடங்கும் நேரத்தில் நான் அலுவலகத்தில் இருந்தேன். காலையில் காய்ச்சிய கூழை ஃபிளாஸ்க்கில் ஊற்றிவைத்து மாலை வரை கொடுப்பது பரவலாக இருக்கிறது. வெதுவெதுப்பான கூழ் கிருமிகள் பெருகுவதற்கு மிக ஏற்ற இடம் என்பதால், அம்மாவிடம் மாவையும் அளவுக் கரண்டியையும் கொடுத்துவிட்டு, வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்சச் சொன்னேன். கூழைப் பாட்டிலில் ஊற்றி, நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுக்கும் யோசனையும் வந்தது. அதற்கு நான் உறுதியாக மறுத்தேன். பாட்டிலில் இறங்க வேண்டுமானால் கூழ் மறுபடியும் தண்ணீராகிவிடும். குழந்தைக்கு விழுங்கப் பழகும் வாய்ப்பும் போய்விடும்.

எவ்வளவு சாப்பிட்டாள் என்பது வீட்டில் தினமும் எழும் கேள்வியாகிவிடும். எதை, எப்போது, எந்தப் பதத்தில் என்பதை நாம் முடிவு செய்யலாம். எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாயை இறுக மூடினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, கரண்டியைத் தட்டிவிட்டாலோ அந்த வேளை முடிந்தது. கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் கவனத்தைத் திருப்பி ஊட்டினால் இரண்டு வாய் கூடுதலாகப் போகும். ஆனால் பசியையும் நிறைவையும் தானே அறியும் பழக்கம் கெடும். ஒரு காயை இரண்டு மூன்று முறை துப்பியதால் அது பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து முறை நாக்கில் பட்ட பிறகு ஏற்கும் குழந்தைகள் பலர். என் மகள் முருங்கைக்கீரையைப் பல வாரங்கள் துப்பிவிட்டு, பிறகு பருப்போடு சேர்த்து மசித்தபோது வாங்கிக்கொண்டாள்.

அளவைப் பற்றிய கவலைக்கு எடை அட்டைதான் பதில். பிறந்த எடை ஏறக்குறைய ஐந்து மாதத்தில் இரு மடங்காகி, ஒரு வயதில் மும்மடங்காகும். இரண்டாவது அரையாண்டில் மாதத்துக்கு 300 முதல் 400 கிராம் வரை ஏறினாலே போதும். முதல் மாதங்களின் வேகம் இராது. இது தெரியாமல் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வற்புறுத்தி ஊட்டுகிறவர்கள் அதிகம். தாய் சேய் நல அட்டையில் மாதந்தோறும் எடையைக் குறித்து, கோடு மேல்நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு மாதம் கோடு படுத்துவிட்டால் முதலில் கூழின் பதத்தையும், நெய்யையும், நாளொன்றுக்கு எத்தனை வேளை என்பதையும் சரிபாருங்கள். ஆறு முதல் எட்டு மாதத்தில் இரண்டு மூன்று வேளை, ஒன்பதுக்கு மேல் மூன்று நான்கு வேளையோடு இடையில் ஒரு பழம் என்பது அளவு. அவை எல்லாம் சரியாக இருந்தும் கோடு எழவில்லை என்றால், அதே வாரத்தில் அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.